தூசிக்கு வைத்த சிவப்பு நூல்

என் அத்தானைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால், முதலில் எங்கள் முதலாளியை நாலு வார்த்தை திட்டாமல் எனக்குக் கை ஓடாது. எங்கள் முதலாளி என்றால் அத்தானுக்கும், என் அக்காவுக்கும், எனக்கும் சேர்த்து ஒரே முதலாளி. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே ஆளிடம் சம்பளம் வாங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறு இல்லை. ஒருவருக்கு ரோஷம் வந்தால் மற்ற இரண்டு பேரும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவோம். வாடகைக்கு என்ன செய்வது, அரிசிக்கு என்ன செய்வது என்று கேட்டதும் ரோஷம் அடங்கிவிடும். அத்தானின் ரோஷம் இப்படி அடங்கி அடங்கி, கடைசியில் ஒரு சின்னப் பெண்ணின் தலையில் விடிந்தது.

நாங்கள் செய்வது பொய்க்கண். விபத்திலோ நோயிலோ கண் போனவர்களுக்கு இமைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் கண். முன்னறையில் ஒரு சோபா, ஆளுயரக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு மாட்டிய முதலாளி. அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வருகிறவர்கள் “டாக்டர்” என்று கூப்பிட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு இதுவரை வாய் வரவில்லை. நடு அறையில் அக்கா. கருமணிக்கு வண்ணம் தீட்டுவாள். வெள்ளைப் பகுதியில் நரம்புக்காகச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுவாள். அதன் மேல் தெளிந்த பிளாஸ்டிக் ஊற்றி வேகவைத்ததும் பின்னறைக்கு என்னிடம் வரும். நான் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறை இருக்கிறது. அதுதான் அத்தான் படம் எடுக்கிற அறை. அங்கே மின்விசிறி போடக்கூடாது. கதவைப் படாரென்று திறக்கக்கூடாது. கம்பளி போட்டுக்கொண்டு நுழையக்கூடாது. தலையைச் சொறிந்தால் தொலைந்தோம்.

அத்தான் இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் ஆணி, திருகு, நட்டு, போல்ட் விற்கிற ஒரு கம்பெனிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் விலைப் புத்தகத்தில் ஒவ்வொரு திருகும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக அச்சாகும். ஒரு வாஷரின் மேல் விழுந்த தூசியை மேனேஜர் “துரு மாதிரி தெரியுது, யாரு பாக்கப் போறா” என்று அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டாராம். இவர் அவர் மேஜைக்குப் போய்ச் சண்டை போட்டார். வேலை போயிற்று. அப்போது அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணமான புதிது. “ஒரு வாஷருக்காக வேலையை விட்ட மனுஷன்” என்று அவரை எல்லாரிடமும் அறிமுகம் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். “வாயாடி” என்று மட்டும் சொல்வார்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் பல்ப் வைத்திருப்பார். அமுக்கினால் புஸ்ஸென்று காற்று வரும். லென்ஸை ஊதுவதற்கு. நாளடைவில் எல்லாவற்றையும் ஊத ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேஜையை ஊதுவார், செய்தித்தாளை ஊதுவார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செல்போனைப் பார்த்துக் கை துறுதுறுவென்று வரும். பட்டறையில் அவருக்கு ‘புஸ்ஸு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் பேசமாட்டார். பையில் கை விட்டு அந்தப் பல்பை அமுக்குவார். முதலாளி அறையில் நின்று திட்டு வாங்கும்போது பையிலிருந்து புஸ், புஸ் என்று சத்தம் வரும். பல நாள் எனக்கு அந்தப் பல்பைப் பிடுங்கி வீசிவிட்டு, வாயைத் திறந்து பேசுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்திருக்கிறது. வீட்டில் எங்களிடம் மட்டும் நன்றாகக் கத்துவார். போர்வையை உள்ளே உதறினால் போதும், அன்றைக்கு முழுக்கக் கச்சேரிதான்.

புதுக் கண்ணுக்கு மாதிரியாக, பழைய பொய்க்கண்ணை அவர் எடுக்கிற படத்தைப் பட்டறையில் ‘அடுக்கு’ என்போம். பொய்க்கண் தட்டை இல்லை, கவிழ்த்த சிறு கிண்ணம். கேமராவை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு முடியின் தடிமன் அளவு ஆழம்தான் தெளிவாக விழும். கருமணியின் உச்சி தெளிவாக இருந்தால் வெள்ளையின் ஓரம் புகையாக இருக்கும். அதனால் கேமராவை ஒரு திருகின் மேல் வைத்து, துளித்துளியாக முன்னே நகர்த்தி, வரிசையாகப் படம் எடுப்பார். ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்கும். அதைத் தட்டளவுக்கு அச்செடுத்து அக்காவின் மேஜைக்கு எதிரே மாட்டுவார்கள். அக்கா அதைப் பார்த்துத்தான் நூல் வைப்பாள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கேமராவுக்குள்ளே படத்தைப் பிடிக்கிற சென்சார் மேல் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால், எடுக்கிற எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். ஆனால் கேமரா கிட்டே போகப் போகக் கண்ணின் உருவம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகிறது இல்லையா, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சுருக்கி இழுத்துத்தான் அடுக்கும். அப்போது அந்த ஒரே புள்ளி ஒவ்வொரு படத்திலும் சற்றே தள்ளித் தள்ளி விழும். அடுக்கி முடித்ததும் புள்ளி கோடாகியிருக்கும். அந்தக் கோடு படத்தின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஓடும். கண்ணில் நரம்பும் அப்படித்தானே ஓடுகிறது, ஓரத்திலிருந்து கருமணியைப் பார்த்து! பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் தூசி கோடாகும் என்பது தெரியும். ஆனால் அது நரம்பு வேஷம் போடும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கருமணி மேலும் பின்னணித் துணி மேலும் விழுகிற கோடுகளை அத்தான் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார். வெள்ளையில் விழுவதைத் தொடமாட்டார். நிஜ நரம்பு எது என்று தெரியாமல் அதை அழித்துவிட்டால் அக்கா வைக்கிற கண் பொய்யாகிவிடும் என்று பயம். அக்காவோ, படத்தில் இருந்தால் அது கண்ணில் இருக்கிறது என்று நம்பினாள். புருஷன் தூசி விஷயத்தில் எமன் அல்லவா, அவர் கையைத் தாண்டித் தூசி வருமா என்று நினைத்தாள். அவர் அவளை நம்பினார், அவள் அவரை நம்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தூசி எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள். கேமரா புதிதாக வந்த அன்று முதலாளி அதை யாரோ நண்பர்களுக்குக் காட்டிப் பெருமையடித்தார். லென்ஸைக் கழற்றி, உள்ளே என்னவோ தெரிகிறது என்று, அத்தான் ஓடிவருவதற்குள் வாயால் ஒரு ஊது ஊதினார். எச்சில் தெறித்துச் சென்சாரின் ஒரு மூலையில் காய்ந்துவிட்டது. பல்பால் எவ்வளவு ஊதினாலும் அது போகவில்லை. அதற்கென்று குச்சியும் திரவமும் உண்டு, மெதுவாகத் துடைத்தால் போய்விடும் என்று அத்தான் கேட்டார். விலையுயர்ந்த சாமானில் குச்சியை விட்டுக் குடையாதே என்று முதலாளி சொல்லிவிட்டார். கடையிலாவது கொடுத்துத் துடைத்து வாங்குங்கள் என்றார் அத்தான். கேமரா இல்லாமல் வேலை எப்படி நடக்கும் என்றார் முதலாளி. வேலை கெடக்கூடாதாம்! ஆனால் வார முடிவில் அவருடைய மாப்பிள்ளை மட்டும் அந்தக் கேமராவை மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். மண் பறக்கிற மைதானத்தில் நின்று லென்ஸை மாற்றி மாற்றிப் படம் எடுப்பார் அந்த மகாராஜன். திங்கட்கிழமை கேமரா திரும்பி வரும்போது உள்ளே ஒரு பிடி மண் இருக்கும். அத்தான் பல்பை அமுக்குவார். புஸ்.

இப்போது அந்தப் பெண். அவள் பேர் எதற்கு, அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்ணுக்குள் கட்டி வந்து, உயிரைக் காப்பாற்ற ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். அம்மா துணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கிறவள். அப்பா என்று யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. குழந்தை வளர வளரக் கண் குழியும் வளரும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கண் செய்தாக வேண்டும். முதல் தடவை எங்களிடம் வந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்த கண் இருந்தது. நல்ல கண்ணைப் பார்த்து வரையலாம் என்று அக்கா விளக்கை எடுத்தாள். குழந்தை வீறிட்டது. யாரையும் கிட்டே விடவில்லை. அந்தப் பொய்க்கண்ணை அம்மா கையாலேயே கொஞ்ச நேரம் கழற்றிப் படம் எடுத்துவிட்டு உடனே மாட்டி அனுப்பிவிடலாம், படத்தைப் பார்த்து வேலை செய்யலாம் என்று முதலாளி வழி சொன்னார். அன்றைக்கு அது சரியான வழிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குழந்தை பெரிய பெண்ணாகி, சொன்னால் அசையாமல் உட்காரும் வயசு வந்த பிறகும், போன வருஷத்துப் பொய்க்கண்ணைப் படம் எடுத்துப் புதுக் கண் செய்வதே வழக்கமாகிவிட்டது. வேகமாக முடிகிறதே! ஈயடிச்சான் காப்பி என்று சொல்வார்களே, அதற்கு ஒரு பட்டறையே வைத்து நடத்தினோம்.

வருஷம் ஏற ஏற அந்தப் பொய்க்கண்ணின் மூக்குப் பக்க மூலை சிவந்துகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் கண்வலி என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். டீச்சர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தாள். அது பொய்க்கண் என்று சொல்லவும் முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. அம்மா முதலாளியிடம் வந்து கேட்டாள். பிளாஸ்டிக் எப்படிச் சார் சிவக்கும் என்று சரியாகத்தான் கேட்டாள். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. குழந்தை அழுக்குக் கையால் தேய்க்கிறாள், அழுக்கு உள்ளே இறங்குகிறது, புதுக் கண்ணையும் அதைப் பார்த்துத்தானே செய்கிறோம், கையை வைக்காமல் பார்த்துக்கொள் என்று சொன்னார். அவள் தேய்க்கவே இல்லை என்று அம்மா சொன்னதற்கு, தூக்கத்தில் தேய்ப்பாள், உனக்கென்ன தெரியும் என்று ஒரே போடாகப் போட்டார். பின்னறையில் சக்கரம் ஓடுகிற சத்தத்தில் இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

போன தடவை அளவெடுக்க வந்தபோது பாப்பா கை கழுவப் பின்பக்கம் வந்தாள். பத்து வயசுப் பெண், நல்ல உயரம். இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போலத் தழும்பு. என்ன இது என்று கேட்டேன். ராத்திரி கையில் பை கட்டிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னாள். அவள் அம்மாவே துணியில் இரட்டைத் தையல் போட்டு இரண்டு பை தைத்து, நாடா வைத்து, தினமும் படுக்கும்போது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிடுவாளாம். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தானாம்.

“நீ தேய்ப்பியா?” என்று கேட்டேன்.

“முழிச்சிருக்கும்போது தேய்க்கவே மாட்டேன்க்கா. தூங்கும்போது தேய்க்கிறேன்னு சொல்றாங்க. தூங்கும்போது நான் என்ன பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. தான் ஒரு திருட்டுப் பிள்ளை, தனக்கே தெரியாமல் தன் கண்ணைக் கெடுக்கிறவள் என்று ஒப்புக்கொண்டுவிட்ட முகம். பையைக் கட்டியும் எப்படிச் சிவக்கிறது என்று அம்மா அடிப்பாளாம். எப்படியாவது பல்லால் அவிழ்த்திருப்பாள் என்று. நான் சக்கரத்தை நிறுத்திவிட்டு நேரே அத்தானின் அறைக்குப் போனேன். படாரென்றுதான் கதவைத் திறந்தேன். அவர் கத்துவதற்கு முன் நான் கத்தினேன். பிளாஸ்டிக்கில் அழுக்கு இறங்குமா, ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். இறங்காது என்றார். அப்புறம் எப்படிச் சிவக்கிறது என்றேன். பாப்பாவின் கண் அவர் கையில்தான் இருந்தது, படம் எடுப்பதற்காக.

அன்றைக்கு மாப்பிள்ளை வேறு கேமராவை அப்போதுதான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே மண். மாப்பிள்ளை மேல் இருந்த எரிச்சலும் நான் கத்திய கத்தலும் சேர்ந்ததில், அத்தான் மெழுகு உருண்டையில் கண்ணைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார். வாழ்நாளில் அவர் அந்தத் தப்பைச் செய்ததில்லை. கவனிக்காமலேயே முழு வரிசையும் எடுத்து, அடுக்கியும் விட்டார். படம் திரையில் வந்ததும்தான் தெரிந்தது. சிவப்புக் கொத்து வழக்கமான மூலையில் இல்லாமல் எதிர்மூலைக்குப் போயிருந்தது. சரி, தலைகீழாக வைத்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் வழக்கமான மூலையிலும் கோடுகள் இருந்தன. சாம்பல் நிறத்தில், மெல்லியதாக, கருமணியைப் பார்த்து ஓடுகிற நாலைந்து கோடுகள். கண்ணை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மொழுமொழுவென்று வெள்ளை.

வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்தார். எச்சில் காய்ந்த மூலையில் புள்ளிகள் வரிசையாக நின்றன. பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நானும் பக்கத்திலேயே நின்றேன், போகச் சொல்லவில்லை. முதல் வருஷப் படத்தில் அந்த மூலையில் இரண்டு சாம்பல் கோடு. இரண்டாம் வருஷப் படத்தில் அந்த இரண்டும் பழுப்புச் சிவப்பு நூலாகியிருந்தன, பக்கத்தில் புதிதாக இரண்டு சாம்பல் கோடு. மூன்றாம் வருஷம் நாலும் நூல், பக்கத்தில் இன்னும் சாம்பல். அப்படியே வருஷாவருஷம். முந்தின வருஷத்துத் தூசியை அக்கா நரம்பாக்கினாள், கண் அளவு மாறியதால் இந்த வருஷத்துத் தூசி அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இருக்கிற நூலுக்கு நடுவே புதுக் கோடு கலந்துவிட்டதால் யார் கண்ணுக்கும் படவில்லை. அந்தப் பெண் இத்தனை வருஷம் முகத்தில் சுமந்துகொண்டு திரிந்தது முதலாளியின் எச்சில். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

அக்காவைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தாள். ஒவ்வொரு நூலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தூசி என்று ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டாள். நரம்பு என்று நீ ஏன் நினைத்தாய் என்று அவர் கேட்டார். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதே சண்டை. சாப்பிடும்போது இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் தப்பு என்று அப்புறம் பிரித்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு பிள்ளை இன்றைக்கும் பையைக் கட்டிக்கொண்டுதான் படுக்கப் போகிறது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அத்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னார். நானும் அக்காவும் கதவோரம் நின்று கேட்டோம். முதலாளி கொஞ்சமும் அதிரவில்லை. சரி, இந்தத் தடவை சுத்தமாகச் செய்துவிடு, ஆளைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிரு என்றார். இது வெளியே தெரிந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான், உன் குடும்பத்தில் மூன்று பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். பையிலிருந்து சத்தம் வந்தது. புஸ். திரும்பி வந்தவரைப் பார்த்து அக்கா, போகட்டும், புதுக் கண் நல்லதாக வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். வாடகை வீடு எங்களுக்குத்தானே.

ஆனால் அத்தான் ஒரு காரியம் செய்தார். யாரையும் கேட்காமல் குச்சியும் திரவமும் வாங்கி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சென்சாரைத் துடைத்தார். ஒரே இழுப்பு. எத்தனை வருஷமாக ஆகாத வேலை ஒரு நிமிஷத்தில் ஆயிற்று. வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். “இதை அப்பவே செஞ்சிருக்கலாம்” என்றார். ஆமாம், செஞ்சிருக்கலாம் என்று நானும் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆறுதல் சொல்கிற நிலையில் நான் இல்லை.

பாப்பாவை ஒரு நாள் வரச் சொல்லி, அக்கா அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்து நல்ல கண்ணை நேராகப் பார்த்தாள். பெண் அசையவே இல்லை. கண்ணாடிபோல் தெளிந்த வெள்ளை, ஓரத்தில் நூலிழைபோல் இரண்டே நரம்பு. அதைப் பார்த்துச் செய்த புதுக் கண்ணை நான் தேய்த்த மாதிரி எதையும் தேய்த்ததில்லை.

கண் மாட்டுகிற நாள் வந்தது. முன்னறைக் கதவு திறந்தே இருந்தது, நாங்கள் மூவரும் நடு அறையில் நின்றோம். முதலாளி இமையைத் தூக்கிக் கண்ணை வைத்தார். பாப்பா ஆளுயரக் கண்ணாடி முன் போய் நின்றாள். எது பொய், எது நிஜம் என்று சத்தியமாகத் தெரியவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் அந்த மனுஷன் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எல்லாம் மூடியே கிடந்திருக்கும். ஆனால் வெள்ளைக் கோட்டு சும்மா இருக்குமா? புத்தி சொல்ல ஆரம்பித்தார்.

“பாத்தியாம்மா, எவ்வளவு சுத்தமா இருக்கு. இனிமேலாவது இவ கைய வைக்காம பாத்துக்க. இல்லன்னா இதையும் கெடுத்துடுவா.”

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். அவள் கை தானாகப் போய்ப் பெண்ணின் காதைப் பிடித்தது. “கேட்டுக்கிட்டியா?” என்றாள். பாப்பா தலையை ஆட்டினாள்.

என் பக்கத்தில் நின்ற அத்தான் அங்கே இல்லை. முன்னறை வாசலில் கால் வைத்திருந்தார். கையில் ரப்பர் பல்ப் இல்லை, வருஷாவருஷம் எடுத்த படங்களின் அச்சு இருந்தது. அக்கா அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“காதை விடும்மா,” என்றார் அத்தான். “பாப்பா தேய்க்கல. என்னைக்குமே தேய்க்கல. அது எங்க கேமரா தூசி.”

முதலாளி உள்ளே போகச் சொன்னார். அத்தான் போகவில்லை. படங்களைச் சோபாவில் வரிசையாகப் பரப்பினார். இது முதல் வருஷத் தூசி, இது அடுத்த வருஷம் நூலானது, இது அதற்கு அடுத்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கேமராவில் எச்சில் விழுந்ததைச் சொன்னார். தனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை என்றும் சொன்னார். முதலாளி கத்தினார், வேலை போயிற்று என்றார், மூன்று பேருக்கும் போயிற்று என்றார். அத்தான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அம்மா குனிந்து படங்களைப் பார்த்தாள். தையல்காரி இல்லையா, நூல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலாளியைத்தான் அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தானின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள்.

“நான் கட்டினேனே... தெனமும் நான்தானே கட்டினேன்...” என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். வேண்டும் அவருக்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.

பாப்பா கண்ணாடி முன்னால் அப்படியே நின்றிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. படங்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு கையை மடக்கி முஷ்டியாக்கி, புதுக் கண்ணில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சும்மா இல்லை, அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கத் தேய்த்தாள். இத்தனை வருஷத்துத் தேய்ப்பையும் ஒரேயடியாகத் தேய்ப்பதுபோல் இருந்தது. முதலாளி “ஏய் ஏய், புதுக் கண்ணு” என்றார். அம்மாவின் கை பழக்க தோஷத்தில் அவளைத் தடுக்க எழும்பியது, பாதியில் நின்றது.

“தேய்க்கட்டும், விடுங்க,” என்றார் அத்தான்.

ஆசை தீரத் தேய்த்தாள். நல்ல கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. பிறகு கையை எடுத்துவிட்டு அம்மாவிடம் நடந்து போய், முகத்தை அவள் முகத்துக்கு வெகு கிட்டே கொண்டுபோய், விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக் காட்டினாள்.

“பாரு,” என்றாள். “நல்லா பாரு. செவக்கல.”